கணினிக் கேள்வி–பதில்: கேட்டால் செய்து தருவார்களா?

சென்ற இதழில், சந்தா கட்ட இயலாத படத்தொகுப்பு மென்பொருள்களை விட்டுவிட்டு கிம்ப், கிரிட்டா, இங்க்ஸ்கேப் போன்ற திறந்த மூல மென்பொருள்களை, அதாவது நிரலை எவரும் பார்த்துத் திருத்தத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்களை, பழகிப் பார்க்குமாறு எழுதியிருந்தேன். பழகிப் பார்த்தவர்களிடமிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. நன்றி சொல்லி எழுதியவர்கள் மூவர். மற்ற அனைவரும் "இந்த வசதி ஏன் இல்லை, எப்போது வரும், யாரிடம் கேட்பது" என்று எழுதியவர்கள். ஆகவே இம்முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, இவற்றுள் ஆறு கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில் நீண்ட காலமாக அச்சகம் நடத்துபவன். இலவசப் படத்தொகுப்பு மென்பொருள் ஒன்றில், அச்சுக்குரிய நான்கு வண்ண முறையில், அதாவது சிஎம்வைகேயில், நேரடியாக வேலை செய்யும் வசதி வேண்டும் என்று அதை உருவாக்குவோருக்கு என் மகனைக்கொண்டு எழுதுவித்தேன். "இது எங்கள் திட்டத்தில் இருக்கிறது, விரைவாக வேண்டுமானால் நிரல் எழுதி உதவலாம்" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அச்சகக்காரனைப் பார்த்து நிரல் எழுதச் சொல்வது கேலியில்லையா?
— அச்சக உரிமையாளர், கொட்டாஞ்சேனை

பதில்: கேலியில்லை ஐயா, ஆனால் அப்படித் தோன்றியதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். திறந்த மூல வட்டாரத்தில் "நிரல் எழுதி அனுப்பினால் வரவேற்போம்" என்பது, வாசலில் நிற்பவரைப் பார்த்து "வாங்கோ, சாப்பிடுவோம்" என்று சொல்வதைப் போன்ற வழக்கமான உபசாரம். சொல்பவர் உள்ளே அழைப்பதாகத்தான் நினைக்கிறார். கேட்பவருக்கோ, அடுப்படியைக் காட்டி "நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள்" என்றது போல இருக்கிறது. இதை மாற்றிச் சொல்ல அவர்கள் பழக வேண்டும் என்பது என் எண்ணம். ஆயினும் அந்த இரண்டு வரிக்குள் பொய் எதுவும் இல்லை.

கிம்ப்பை எடுத்துக்கொள்வோம். 1995 ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கிய வேலை அது. அடுத்த ஆண்டு பொதுப் பாவனைக்கு வந்தது. படிப்பு முடிந்ததும் அவர்கள் தம் வழியில் போய்விட, வேறு சிலர் அதைத் தாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னர் வேறு சிலர். உலகெங்கும் கணக்கற்றோர் பயன்படுத்தும் மென்பொருள் என்றாலும், அதன் உள்ளிருக்கும் இயந்திரத்தைத் தொடர்ந்து கவனிப்பவர்கள் எக்காலத்திலும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாகவே இருந்திருக்கிறார்கள். 2.8 ஆம் பதிப்பு 2012 இலும், 2.10 ஆம் பதிப்பு 2018 இலும், 3.0 ஆம் பதிப்பு 2025 மார்ச்சிலும் வந்தன என்பதைப் பார்த்தாலே, எத்தனை கைகள் வேலை செய்கின்றன என்பதை ஊகிக்கலாம்.

இனி உங்கள் கோரிக்கைக்கு வருவோம். சிஎம்வைகே என்பது பட்டியலில் கூடுதலாகச் சேர்க்கும் ஒரு பொத்தான் என்று எங்களில் பலர் நினைக்கிறோம். நீங்கள் அப்படி நினைக்க முடியாது, ஏனென்றால் அதன் தொல்லை முழுவதும் உங்கள் கையில் கறையாக ஒட்டியிருக்கிறது. திருமண அழைப்பிதழில் எட்டுப் புள்ளி அளவில் அச்சாகும் கறுப்பு எழுத்து, கறுப்பு மை ஒன்றில் மட்டும் விழ வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாக விழுந்தால், தாள் ஒரு மயிரிழை விலகினாலும் "ழ"வின் வளைவைச் சுற்றிச் செம்மை படர்ந்துவிடும். மினுக்கக் கடதாசியில் ஒவ்வொரு மையும் முழுதாக விழுந்தால் 100 வீதம் என்ற கணக்கில், நான்கு மையும் சேர்ந்து ஏறத்தாழ 300 வீதம்வரை தாங்கும். பத்திரிகைக் கடதாசியில் அதே அளவை விட்டால் மறுபக்கம் ஊறிவிடும். ஒரே நான்கு எண்கள் உங்கள் இயந்திரத்தில் ஒரு நிறமாகவும் அடுத்த தெருவிலுள்ள இயந்திரத்தில் வேறு நிறமாகவும் விழும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களை மட்டுமே எதிர்பார்த்து எழுதப்பட்ட ஒவ்வொரு தூரிகையும், ஒவ்வொரு வடிகட்டியும், ஒவ்வொரு கலப்பு முறையும் இவ்வளவையும் புரிந்துகொள்ள வேண்டுமானால், மென்பொருளின் அடித்தளத்தையே பெயர்த்து மறுபடியும் போட வேண்டும்.

அந்த அடித்தள வேலை உண்மையாகவே நடந்தது. கெகல் என்று பெயரிடப்பட்ட புதிய பட இயந்திரத்துக்கான வேலை 2000 ஆம் ஆண்டளவில் தொடங்கியது. கிம்ப் முழுமையாக அதன்மேல் ஏறி நின்றது 2018 இல் வந்த 2.10 ஆம் பதிப்பில்தான். இதற்கிடையில் ஒரு கிளைக்கதையும் உண்டு. திரைப்படத் துறையினருக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் 16 பிட் ஆழம் தேவைப்பட்டது. 1998 அளவில் அவர்களுக்காக, கிம்ப்பின் நிரலை எடுத்துத் தனியே வளர்க்கும் தனிக்கிளை ஒன்று பிரிந்து, பின்னர் சினிபெயின்ட் என்ற பெயர் பெற்றது. அவர்களிடம் பணமும் இருந்தது, நிரலாளரும் இருந்தார்கள். அப்படியிருந்தும் அவர்கள் கேட்டது முதன்மைக் கிளைக்கு வந்துசேர இருபது ஆண்டுகள் பிடித்தன. உங்கள் கடிதத்துக்கு இரண்டு வரி கிடைத்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

இப்போதைய நிலையில், கிம்ப் 3.0 இல் படத்தைச் சிஎம்வைகே கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். அச்சில் எப்படி விழும் என்பதைத் திரையிலேயே ஒத்திகை பார்க்கலாம். ஆனால் உள்ளே நடக்கும் வேலை மூன்று நிறத்தில்தான் நடக்கிறது. தொடக்கம் முதல் நான்கு நிறத்திலேயே வரைய வேண்டுமென்றால் கிரிட்டாவும், பக்கத்தைக் கட்டி அச்சுக்குரிய பிடிஎஃப் எடுக்க வேண்டுமென்றால் ஸ்கிரைபஸும் உங்களுக்கு உதவும். மற்றொன்று: நிரல் எழுதுவோரில் பெரும்பாலோர் அச்சகத்துக்குள் கால் வைத்ததே இல்லை. நான்கு நிறக் கறுப்பில் விழுந்த அழைப்பிதழ் ஒன்றையும், தனிக் கறுப்பில் விழுந்த அதே அழைப்பிதழையும் பெருக்காடியில் வைத்துப் படமெடுத்து, இரண்டின் கோப்புகளையும் சேர்த்து உங்கள் மகனிடம் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நிரல் எழுதத் தெரியாத ஒருவர் அவர்களுக்குச் செய்யக்கூடிய உதவிகளில் அதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ஆடிவேல் தேர் வரும்போது காலி வீதி நெடுகத் தண்ணீர்ப்பந்தல் போடுகிறார்கள். இலவசமாகத் தருகிறோம் என்பதற்காக உப்பில்லாத மோரை யாரும் ஊற்றுவதில்லை. இந்த மென்பொருள்காரர்கள் மட்டும், குறை சொன்னால் "இலவசம்தானே" என்று வாயை அடைக்கிறார்களே? கிம்ப்பில் "சேமி" என்று அழுத்தினால் ஜேபெக் கோப்பாகச் சேமிக்க முடியாமல் "ஏற்றுமதி" என்று வேறிடம் போகச் சொல்வது என்ன நியாயம்?
— ஸ்டூடியோ நடத்துபவர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் உவமையை நான் பிடித்துக்கொள்கிறேன். பந்தலில் நின்று "தம்பி, மோரில் உப்புக் குறைவு" என்று சொல்பவரைத் தொண்டர்கள் வெறுக்க மாட்டார்கள். உடனே ஒரு பிடி உப்பை அள்ளிப் போடுவார்கள். "ஏன் சோடா வைக்கவில்லை, போன வருடமும் சொன்னேனே" என்பவரிடம்தான் முகம் சுருங்கும். வருகிற கோரிக்கைகளில் உப்பு எது, சோடா எது என்று பிரித்தறிவதே அவர்களுடைய பாதி வேலை. இலவசம் என்று சொல்லி வாயை அடைப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. வேலையில்லாதவர்கள்தாம் பெரும்பாலும் அப்படிப் பேசுவார்கள், நிரல் எழுதுபவர்கள் அல்ல.

சேமிப்பு விவகாரம் 2012 இல் வந்த 2.8 ஆம் பதிப்பிலிருந்து நடக்கிற வழக்கு. அதுவரை எந்த வடிவத்திலும் நேரே சேமிக்கலாம் என்றிருந்ததை மாற்றி, "சேமி" என்றால் அடுக்குகள் யாவும் உள்ளபடியே இருக்கும் எக்ஸ்சிஎஃப் கோப்பு, மற்ற வடிவங்கள் எல்லாம் "ஏற்றுமதி" என்று பிரித்தார்கள். பழைய பழக்கத்தில் ஊறிய நானும் அப்போது கடுஞ்சொல்லில் ஒரு கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை. காரணம், அதே கிழமை என் கையாலேயே நடந்த ஒரு விபத்து. அழைப்பிதழ் ஒன்றைப் பழைய பதிப்பில் ஜேபெக்காகச் சேமித்து மூடிவிட்டேன். மறுநாள் மணமகனின் தந்தை வந்து, தம் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று விழுந்திருப்பதைக் காட்டினார். உயிரோடு என் முன்னால் நின்றுகொண்டு காட்டினார். எழுத்து அடுக்கு பின்னணியோடு ஒட்டிப்போயிருந்ததால், சரிகைக் கரையை முதலிலிருந்து வரைய வேண்டியதாயிற்று.

அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறுமாறு கேட்டவர்கள் ஏராளம். அவர்கள் திரும்பப் பெறவில்லை. கேட்பவர்களின் தொகையை எண்ணி முடிவு செய்வதாயிருந்தால் என்றைக்கோ மாறியிருக்கும். வேலை கெடாமல் காப்பதை முதலிலும் விரைவை இரண்டாவதிலும் வைத்தார்கள். இது ஒரு தீர்ப்பு, தீர்ப்பில் கருத்து வேறுபாடு இருக்கலாம். விசைப்பலகைக் குறுக்குவழியை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளே இருக்கிறது. ஸ்டூடியோவில் ஒரு நாளைக்கு நூறு கடவுச்சீட்டுப் படம் வெட்டுகிற உங்களுக்கு, ஏற்றுமதியை நீங்கள் பழகிய விசைக்கே மாற்றி வைப்பது ஐந்து நிமிட வேலை.

கேள்வி: பிடிக்கவில்லை என்றால் நிரலை எடுத்துக்கொண்டு தனியே பிரிந்து போகலாம் என்கிறார்களே, அப்படிப் பிரிந்து போனவர்கள் வென்றிருக்கிறார்களா?
— ஒரு வாசகர், மருதானை

பதில்: சிலர் வென்றிருக்கிறார்கள். 2003 இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்ததுதான் இன்று நாம் பயன்படுத்தும் இங்க்ஸ்கேப். தாய் மறைந்துவிட்டது, பிள்ளை நிற்கிறது. மறுபக்கம், கிம்ப் என்ற சொல் ஆங்கிலத்தில் உடற்குறையை இழிவாகச் சுட்டுகிறது என்பதால் 2019 இல் கிளிம்ப்ஸ் என்ற பெயரில் ஒரு கிளை பிரிந்தது. காரணம் நியாயமானதே, ஆனால் வேலை செய்யப் போதிய ஆள் சேராமல் 2021 இல் நின்றுபோயிற்று. பெயரை மாற்றுவது ஒரு மாதத்து வேலை. மாற்றிய பெயருக்குள் வருகிற வழுக்களை, அதாவது நிரற்பிழைகளை, ஒவ்வொரு மாதமும் திருத்துவதற்கு ஆள் வேண்டும்.

கேள்வி: எனக்கு வேண்டியது ஒரேயொரு வசதிதான். எவ்வளவு பணம் என்று சொன்னால் கட்டிவிடுகிறேன். வாங்கிக்கொள்ளாமல் ஏன் இழுத்தடிக்கிறார்கள்?
— வங்கி அதிகாரி, தெஹிவளை

பதில்: பணம் வேலை செய்யும் இடங்கள் இருக்கின்றன. முப்பரிமாண மென்பொருளான பிளென்டரை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, அதன் நிரலைத் திறந்துவிடுவதற்காக 2002 இல் பயனர்களிடம் 100,000 யூரோ கேட்டார்கள். ஏழே கிழமைகளில் சேர்ந்துவிட்டது. கிரிட்டா குழுவினர் 2015 இல் 20,000 யூரோ இலக்கு வைத்து 30,000 யூரோவுக்கு மேல் திரட்டினார்கள். அவர்கள் கையாண்ட முறை எனக்குப் பிடித்தது: முதலில் தாம் செய்யக்கூடிய வசதிகளின் பட்டியலைத் தாமே எழுதி வைத்துவிட்டு, பணம் தந்தவர்களை அந்தப் பட்டியலுக்குள் வாக்களிக்கச் சொன்னார்கள். வாக்கு பயனருடையது, பட்டியல் நிரலாளருடையது. இது இல்லாமல், ஒவ்வொருவரும் தத்தம் காசோலையோடு ஒரு வசதியைக் கேட்டால், மென்பொருள் ஆறு சமையற்காரர் ஒரே அண்டாவில் சமைத்த கதையாகிவிடும்.

தனி மனிதர் ஒருவருக்குத் தனி வசதி என்பது வேறு கணக்கு. பகலில் மருத்துவமனையிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்க்கும் ஒருவருக்கு, உங்கள் பணம் இன்னோர் இரவை உண்டாக்கித் தராது. செய்து முடித்த பின்னும் அந்த வசதியைப் பத்து ஆண்டுகளுக்குப் பராமரிக்க வேண்டியவர் அவரே. பணமோ ஒரு தடவைதான் வருகிறது. வாங்க மறுப்பவர் பெரும்பாலும் இதை எண்ணித்தான் மறுக்கிறார்.

நம் பக்கத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. டொலரில் மாதச் சந்தா கட்டிவந்த வடிவமைப்பாளர்கள் பலர் திறந்த மூல மென்பொருளின் பக்கம் திரும்பியது அந்த மாதங்களில்தான். வரும்போது, பழைய மென்பொருளில் இருந்த ஒவ்வொரு வசதியையும் அதே இடத்தில், அதே பெயரில் எதிர்பார்த்து வந்தோம். மின்வெட்டு நேரத்தில் மெழுகுதிரி வெளிச்சத்திலிருந்து "போட்டோஷொப்பில் இருக்கிறதே" என்று எழுதிய கடிதங்களில் என்னுடையதும் ஒன்று. அந்த இரண்டு சொற்களைப் படிக்கிற நிரலாளருக்கு அதிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை. அவரிடம் அந்த மென்பொருள் இல்லாமலும் இருக்கலாம். என்ன செய்ய முயன்றீர்கள் என்பதை எழுதினால்தான் அவருக்குப் பிடி கிடைக்கும்.

மாதம் ஒரு சிறு தொகையை எந்த வசதியும் கேட்காமல் அனுப்புவீர்களானால் அதற்கு வழியுண்டு. கிம்ப்புக்கும் கிரிட்டாவுக்கும் நன்கொடை பெறும் ஏற்பாடுகள் இருக்கின்றன.

கேள்வி: என் மகன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். இரவு ஒரு மணிவரை ஏதோ வெளிநாட்டு மென்பொருளைத் திருத்துகிறேன் என்று கணினியின் முன்னால் இருக்கிறான். சம்பளம் இல்லையாம். யாருக்காக இவன் கண்விழிக்கிறான்?
— ஒரு தாய், பம்பலப்பிட்டி

பதில்: அம்மா, மேலே கடிதம் எழுதியவர்களுக்காகத்தான் விழிக்கிறான் என்று சொன்னால் நம்புவீர்களா? "இழுத்தடிக்கிறார்கள்" என்று தெஹிவளையிலிருந்து ஒருவர் சினந்துகொள்கிறாரே, அந்த இழுத்தடிப்பவர் பம்பலப்பிட்டியில், பௌதிகவியல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இது நம் ஊருக்குப் புதிதுமல்ல. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அடித்த பின், காணாமற்போனோர் பதிவுக்கும் முகாம்களின் கணக்குக்கும் உதவிப் பொருள்களின் பங்கீட்டுக்கும் ஒரு மென்பொருளை இங்குள்ள தொண்டர்கள் சில வாரங்களுக்குள் எழுதினார்கள். சஹானா என்று பெயர். அதன் நிரலையும் திறந்து வைத்ததால், பின்னர் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் ஹெயிட்டியிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலனுக்கான விருது 2006 இல் அதற்குக் கிடைத்தது. அங்கே கேட்டவரும் செய்தவரும் ஏறக்குறைய ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். முகாமிலிருந்து வந்தவர் "இந்தக் கட்டத்தில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் போடலாம், பிள்ளைகளின் பெயர் எங்கே?" என்று கேட்க முடிந்த தூரத்திலேயே நிரலாளர் இருந்தார். படத்தொகுப்பு மென்பொருளில் அந்தத் தூரம்தான் கடலளவாகிவிட்டது.

பயன் என்ன என்று கேட்டால், மாணவர்களுக்கு உதவித்தொகை தந்து திறந்த மூல மென்பொருள்களில் வேலை செய்யவைக்கும் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் முதற்பத்தாண்டுகளின் கணக்குப்படி உலகிலேயே அதிக மாணவர்களைச் சேர்த்த பல்கலைக்கழகம் நம் மொறட்டுவை. அந்தப் படிக்கு ஏறியவர்களில் பலர் இப்படி இரவில் உட்கார்ந்தவர்கள்தாம். ஆனால் பரீட்சை முடியும்வரை ஒதுங்கியிருக்கப் போவதாகத் தன் குழுவினருக்கு ஒரு வரி எழுதிப் போடச் சொல்லுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். சொல்லாமல் மறைந்தால்தான், அவன் ஏற்றுக்கொண்ட வழு யாருடைய கையிலும் இல்லாமல் தொங்கும்.

கேள்வி: எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு வட்ட வடிவ இலட்சினை செய்கிறேன். பெயரை வட்டத்தில் வளைத்து எழுதும் துணை நிரல் ஒன்றில் தமிழைக் கொடுத்தால் எழுத்துகள் சிதறிவிடுகின்றன. பாமினி எழுத்துருவில் கொடுத்தால் ஓரளவு சரியாக வருகிறது. ஆகவே பாமினியிலேயே முடித்துவிட்டேன். இதைப் பற்றி முறையிட்டால் கவனிப்பார்களா? எப்படி எழுதுவது?
— கழகச் செயலாளர், மட்டக்குளி

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் உங்கள் கேள்விக்குள் விடையின் பாதி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். "கொழும்பு" என்ற சொல்லில், "க" தனியே நிற்கிறது. அதற்கு அடுத்த இடத்தில் புள்ளியிட்ட சிறு வட்டம் ஒன்றும் அதன் இரு பக்கமும் கொம்பும் காலும். "ம"வின் தலையிலிருக்க வேண்டிய புள்ளி தள்ளிப்போய் இன்னொரு புள்ளி வட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. காரணம் எளியது. நமக்குக் "கொழும்பு" என்பது கொ, ழு, ம், பு என நான்கு எழுத்து. உலக மொழிகளையெல்லாம் கணினியில் எழுதுவதற்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட்டில் அதே சொல் க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி என எட்டுத் துண்டு. அந்தத் துணை நிரலை எழுதியவர், சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் வட்டத்தில் ஒட்டுமாறு எழுதியிருக்கிறார். ஆங்கிலத்துக்கு அது போதும். எட்டு வெட்டு வெட்டிய பின், எது எதோடு சேர வேண்டும் என்று கணினிக்குத் தெரிய வழியில்லை.

பாமினியில் தப்பியதற்கும் இதே காரணம்தான்: அங்கே தமிழ் என்று கணினிக்கு எதுவும் தெரியாது, ஆங்கில விசைகளின்மேல் தமிழ் உருவங்களை ஒட்டிவைத்திருப்பதால், கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நாம் அடித்த வரிசையிலேயே நிற்கின்றன. கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எங்கும் வடிவமைப்பாளர்கள் இன்றுவரை பாமினியை விடாமல் வைத்திருப்பதற்கு இப்படிப்பட்ட சிறு தப்பித்தல்கள் ஒரு காரணம். இடர் வந்தால் பாமினிக்குத் திரும்பிவிடுகிறோம், வேலை முடிந்துவிடுகிறது, முறைப்பாடு எழுதப்படுவதில்லை. ஜெர்மனியிலிருந்து அந்தத் துணை நிரலை எழுதிய ஒருவர், தமிழில் எல்லாம் நன்றாக வேலை செய்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். சிஎம்வைகே வேண்டும் என்று கேட்க உலகம் முழுவதும் ஆள் இருக்கிறது. ஒகரக் குறி உடைகிறது என்று சொல்ல நம்மை விட்டால் யாருமில்லை.

அவசரத்துக்கு ஒரு வழி: கிம்ப்பின் எழுத்துக் கருவி பாங்கோ என்ற ஆயத்த நிரல் தொகுப்பைக் கொண்டு சொல்லை முதலில் முழுமையாக வடிவமைத்துவிடுகிறது. வட்டத்தை ஒரு பாதையாக வரைந்துகொண்டு, எழுத்தை அந்தப் பாதைவழியே வளைக்கும் கட்டளையைக் கொடுத்தால், முடிந்த உருவம்தான் வளையுமே தவிரச் சொல் உடையாது. எழுத்துகள் சற்றே நெளியும், அவ்வளவுதான்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது, ஒரு முறைப்பாட்டில் ஒரே விடயத்தை மட்டும் எழுதுவது. "தமிழுக்கு ஆதரவில்லை" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால், வாசிப்பவர் தம்மேல் இனக்குற்றம் சுமத்தப்பட்டதாக எண்ணுவாரே ஒழிய, எந்த வரியைத் திருத்துவது என்று தெரியாமல் நிற்பார். ஒரு நுட்பத்தையும் மறக்க வேண்டாம். சொல்லை எங்கே வெட்டலாம் என்பதற்கு யூனிகோட் தரத்தின் 29 ஆம் இணைப்பில் விதி இருக்கிறது. அதைப் பின்பற்றினால் "கொ" காப்பாற்றப்படும். ஆனால் அந்தப் பொது விதி "ஸ்ரீ"யை ஸ், ரீ என இரண்டாக வெட்டிவிடும். கொழும்பில் எத்தனை கோவில்களின் பெயர் "ஸ்ரீ"யில் தொடங்குகிறது என்பதை அவர்கள் அறிய மாட்டார்கள். அதையும் நாமே சொல்ல வேண்டும்.

தமிழில் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு எளிய ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். உங்கள் துணை நிரலை எங்கள் கழக இலட்சினைக்குப் பயன்படுத்துகிறேன், நன்றி. தமிழ்ச் சொல்லை வட்டத்தில் எழுதும்போது உயிர்க்குறிகள் மெய்யிலிருந்து பிரிந்துவிடுகின்றன. செய்து பார்ப்பதற்கு: 'கொழும்பு' என்ற சொல்லை ஒட்டி, எந்த யூனிகோட் தமிழ் எழுத்துருவையும் தேர்ந்து இயக்குங்கள். நான்கு எழுத்துகள் வர வேண்டிய இடத்தில் எட்டு வருகின்றன. சொல்லைத் தனித் துண்டுகளாக வெட்டாமல் எழுத்துக்கொத்துகளாக வெட்டினால் சரியாகும் என்று நினைக்கிறேன். 'ஸ்ரீ' மட்டும் விதிவிலக்கு, அதைப் பிரிக்கக் கூடாது. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் நீங்கள் திருத்திய பதிப்பை எந்த நாள் அனுப்பினாலும் அன்றிரவே சோதித்துச் சொல்வேன். இத்துடன் இரண்டு படங்கள் இணைத்துள்ளேன்: ஒன்று உங்கள் நிரல் வரைந்தது, மற்றது எப்படி இருக்க வேண்டும் என்று நான் கையால் எழுதியது."